நேர்ந்துவிட்ட நாய்

பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாற்காலி அவர்கள் வீட்டிலிருந்துதான் வரும். கிள்ளான் துறைமுகத்திலிருந்து அவர்களுக்கு யாராவது மீன் கொண்டு வந்தால் அதில் பாதி எங்கள் அடுப்புக்கு வந்து சேரும். என் அம்மாவுக்குக் கால் வீங்கிப் படுத்திருந்தபோது குழாயடியிலிருந்து தண்ணீர் சுமந்து கொடுத்தது அந்த வீட்டு அக்காதான். அப்படிப்பட்டவர்களுடைய வாசலில் இரண்டு நாய்கள் எலும்பும் தோலுமாகக் கிடந்தன. அதுதான் எனக்கு விளங்காத விஷயமாக இருந்தது.

நாங்கள் குடியிருப்பது மலாய் நாட்டுப் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். நடுவில் பலகைச் சுவர். அவர்கள் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். என் அப்பா பட்டறையில் ஃபிட்டர். பக்கத்து வீட்டு அண்ணன் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். வருகிற வண்டி எந்தத் தண்டவாளத்தில் ஏறவேண்டும் என்று பார்த்து, கனமான இரும்புக் கைப்பிடியைத் தள்ளி வழி மாற்றிவிடுகிற வேலை. அதிகம் பேசமாட்டார். பேசினால் வண்டிகளைப் பற்றிப் பேசுவார். அவருக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவார். ஒரே பெண் குழந்தை, மழலை மாறாத வயது.

நாய்களில் ஒன்று கறுப்புக் கடுவன். மற்றது செவலைப் பெட்டை. இரண்டுக்கும் சொறி. கறுப்பனின் ஒரு காதில் ஆறாத புண், அதில் எந்நேரமும் ஈ. தாகத்துக்குக் குழாயடிச் சாக்கடை. மழைக்கு வாசற்படியின் அடிப்பாகம். அடிப்பாரும் இல்லை, கட்டுவாரும் இல்லை, சோறு போடுவாரும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், கறுப்பன் வாசலில் குறுக்கே படுத்திருந்தால் அக்கா அதைத் தாண்டமாட்டார். தலையில் தண்ணீர்க் குடம் இருந்தாலும் சுற்றிக்கொண்டு போவார். ‘இவ்வளவு மரியாதை வைக்கிறவர் ஒரு பிடி சோறு வைக்கக்கூடாதா?’ என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அப்போது நான் பள்ளிக்கூடப் பரீட்சைகளை முடித்து, ஸ்டேஷனுக்கு அருகில் ஒரு கிடங்கு ஆப்பீசில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கை துறுதுறுவென்று இருந்த காலம். சுருக்கெழுத்து பழகினேன், பழைய சைக்கிள் ஒன்றைக் கழற்றிப் பூட்டினேன், நண்பர்களோடு சேர்ந்து வாசகசாலை ஆரம்பித்தேன். அந்த வாசகசாலைக்கு யாரோ கொடுத்த பழைய புத்தகக் கட்டில், வாயில்லா ஜீவன்களைப் பராமரிப்பது பற்றி இங்கிலீஷில் ஒரு சிறு புத்தகம் இருந்தது. ஒரே மூச்சில் படித்தேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், இந்த நாய்களுக்கு ஒரு வழி பண்ணப்போகிறேன் என்றேன்.

“போன மாசம் ஆர்மோனியம்,” என்றார் அம்மா. “அதுக்கு முந்தின மாசம் தேனீ வளக்கிறேன்னு பொட்டி அடிச்ச. இந்த மாசம் நாயா? நடத்து, நடத்து.”

அன்று மாலையே நடத்தினேன். நாங்கள் சாப்பிட்டதுபோக மீந்த சோற்றில் கருவாட்டுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, சாக்கடைக்கு அந்தப்புறம் ஒரு தகரத்தில் வைத்தேன். இரண்டு நாய்களும் வந்த வேகத்தில் தகரமே உருண்டது. ஒரு வாய்தான் தின்றிருக்கும். அதற்குள் அக்கா ஈரக் கையோடு ஓடிவந்தார்.

“ஐயய்யோ தம்பி! எச்சில் சோத்தையா போட்டீங்க?”

“எச்சில் இல்லக்கா, மிச்சம்.”

“ரெண்டும் ஒண்ணுதான் தம்பி. அது யாரு நாயின்னு தெரியுமில்ல?”

“உங்க நாய்.”

“எங்க நாயா? யாரு சொன்னா?” அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். “அது முனி நாய் தம்பி!”

பிறகு அங்கேயே, தகரத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு, முழுக் கதையும் சொன்னார். குழந்தைக்குக் குளிர்காய்ச்சல் கண்டு பல நாள் கண் திறக்காமல் கிடந்ததாம். ரயில் பாதை ஓரத்தில் மரத்தடியில் இருக்கிற முனீஸ்வரருக்கு வேண்டிக்கொண்டார்கள். காய்ச்சல் விட்ட அன்று காலை, எங்கிருந்தோ ஒரு கறுப்புக் குட்டி வந்து வாசற்படியில் படுத்துக்கொண்டது. அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரிக்கு அருள் வந்தபோது, “என் காவலுக்கு ஒருத்தனை அனுப்பிச்சேன், அவனை எனக்கே விட்டுடு” என்று வாக்கு வந்தது. அன்றே குட்டியின் நெற்றியில் திருநீறு பூசி நேர்ந்துவிட்டார்கள்.

“நேந்து விட்டதுக்கு அப்புறம் அது மேல நமக்கு என்ன பாத்தியதை தம்பி? கட்டிப்போடலாமா? எச்சிய வைக்கலாமா?”

“அப்ப அது எதத் திங்கும்?”

“வெள்ளிக்கிழமை படையல் போடுறோம்ல? முதல் இலை அதுக்குத்தான். கறியும் சோறுமா.”

“மத்த நாளு?”

“எங்க ஊர்ப்பக்கம் கோயில் காளைக்கு யாரு வேளாவேளைக்குத் தீனி வைக்கிறா? அது பாட்டுக்கு மேயும். இந்த வயலு இல்லேன்னா அந்த வயலு. யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க.”

எனக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. கோயில் காளைக்கு ஊர் முழுவதும் வயல். பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகளும் தண்டவாளமும் சாக்கடையும்தான். நாய் எதை மேயும்? வரிசையில் இருந்த மற்ற வீடுகளில் விசாரித்துப் பார்த்தேன். “அவங்க நாய், அவங்க போடுவாங்க,” என்றார்கள் எல்லோரும். அக்கா வீட்டில் அது முனியின் நாய். முனியோ வெள்ளிக்கிழமை மட்டும் சோறு போடுகிறவர்.

“சரிக்கா, முனி நாய் கறுப்பன்தானே? செவலைக்கு மிச்சம் வைக்கலாமே?”

“அதுக்கு நேர்த்தி எதுவும் இல்ல. கூட வந்து ஒட்டிக்கிச்சு. ஆனா அதுக்கு வச்சா ரெண்டும் சேந்துல்ல திங்கும்?”

“அப்ப சாப்பிடறதுக்கு முந்தி தினமும் ஒரு பிடி எடுத்து வச்சிருங்க.”

“குளிச்சி முழுகி சுத்தமா ஆக்கி வைக்கணும் தம்பி. அவருக்கு ஷிப்டு வேலை. கருவாடு வேவுற அடுப்பு. தப்பா ஒண்ணு வச்சி, புள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தா நான் என்ன பண்ணுவேன்?”

என் இங்கிலீஷ் புத்தகத்தை எழுதியவருக்கு முனியைத் தெரியாது. அக்கா சோற்றுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. குழந்தை கண் திறக்காமல் கிடந்ததை அவர் மறக்கவில்லை, அவ்வளவுதான். வாதாடி வாதாடி ஒன்றே ஒன்றுக்கு அனுமதி வாங்கினேன்: கடையில் வாங்கிய ரொட்டி யாருடைய எச்சிலும் இல்லை, அதை நான் போடலாம். போட்டேன். ஆனால் புதுக் கிராணியின் ரொட்டியில் இரண்டு பெரிய நாய்கள் வயிறு நிறைய முடியாது. விலா எலும்பு அப்படியேதான் தெரிந்தது.

இப்படியே சில வாரங்கள் போயின. பிறகு பத்துமலைப் பக்கம் யாரையோ வெறிநாய் கடித்துவிட்டது என்று பேச்சுக் கிளம்பியது. தொடர்ந்து நான்கு பாஷைகளில் அறிவிப்பு வந்து ஸ்டேஷன் சுவரில் ஒட்டினார்கள். நாய் வைத்திருக்கிறவர்கள் லைசென்ஸ் எடுத்து, அதோடு தருகிற பித்தளை வில்லையை நாயின் கழுத்தில் கட்டவேண்டும். வில்லை இல்லாமல் தெருவில் காணப்படுகிற நாய் சுடப்படும். தமிழில் இருந்ததை மூன்று தடவை படித்துவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்து அக்காவிடம் சொன்னேன்.

அக்கா சிரித்தார். “முனி நாயச் சுட்டுருவானா? சுடுறவன் கை விளங்குமா?”

“துப்பாக்கிக்கு அதெல்லாம் தெரியாதுக்கா.”

“முனிக்குத் தெரியும்ல?”

அடுத்த வாரம் ஒரு காலையில், நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, செங்கல் சூளைப் பக்கம் சத்தம் கேட்டது. பட்டாசு என்று நினைத்தேன். சற்று நேரத்தில் ஒரு கைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் எங்கள் சந்தின் முனையைக் கடந்துபோனார்கள். வண்டியில் சாக்கு போட்டு மூடியிருந்தது. சாக்குக்கு வெளியே ஒரு செவலைக் கால்.

கறுப்பன் பின்னோடு ஓடிவந்து வாசற்படியின் கீழே நுழைந்து, அன்று முழுவதும் வெளியே வரவில்லை. அக்கா படியில் உட்கார்ந்து குனிந்து குனிந்து பார்த்தார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. இருந்தும் தலைக்குக் குளித்துவிட்டு வெறும் சோறு பொங்கி ஒரு இலையில் வைத்து உள்ளே தள்ளினார். நாய் தொடவில்லை.

“அதுக்கு நேர்த்தி இல்ல, அதான் போயிருச்சு,” என்றார் என்னைப் பார்த்து. சொன்ன குரலில் பழைய தைரியம் இல்லை.

பாயிண்ட்ஸ்மேன் அண்ணன் வேலை முடிந்து வந்தார். வாசலில் நின்று விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். சட்டையைக்கூட மாற்றாமல் என்னிடம், “தம்பி, நாளைக்கு எனக்கு ஓய்வு. லைசென்ஸ் குடுக்குற ஆப்பீசுக்கு வழி தெரியுமா?” என்றார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மறுநாள் ஆப்பீசில் அரை நாள் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு அவரோடு போனேன். நாய் லைசென்ஸ் மேஜைக்கு முன்னால் நீண்ட வரிசை: சீனர்கள், வங்காளிப் பால்காரர்கள், துரைமார் வீட்டு வேலைக்காரர்கள். மேஜைக்கு அப்பால் யாழ்ப்பாணத்துக் கிராணி ஒருவர், மூக்குக் கண்ணாடியோடு, தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

“நாய் என்ன நிறம்?”

“கறுப்புங்க.”

“கடுவனோ பெட்டையோ?”

“கடுவன்.”

“சொந்தக்காரன்ர பேர்?”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். கிராணி பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். அண்ணன் தொண்டையைக் கனைத்தார். “முனீஸ்வரருங்க,” என்றார்.

“தகப்பன் பேர்?”

பின்னால் இருந்த தமிழர்கள் சிரித்துவிட்டார்கள். கிராணி அப்போதுதான் தலை நிமிர்ந்தார். “என்ன காணும், எந்த முனீஸ்வரன்? இருப்பிடம் எங்கை?”

“லைன் ஓரத்துல, மரத்தடியிலங்க.”

“விளையாடுறீரோ? பின்னுக்கு எத்தனை பேர் நிக்கினம் பாரும். சாமிக்கு லைசென்ஸ் எழுத ஏலாது. நாய் ஆரையேன் கடிச்சால் கோர்ட்டிலை வந்து முனியோ நிக்கப்போறார்? மனுசன்ர பேரைச் சொல்லும்.”

“என் பேரை எழுதுங்க, ஐயா,” என்று நான் முன்னால் பாய்ந்தேன்.

அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். தண்டவாளக் கைப்பிடியைப் பிடிக்கிற கை; அசைக்க முடியவில்லை. “வேணாம் தம்பி. வா, போவோம்,” என்றார். வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டோம்.

நடந்து வரும்போது நான் பொருமிக்கொண்டே வந்தேன். அண்ணன் என் மணிக்கட்டை விட்டுவிட்டுச் சொன்னார். “சாமிக்கு விட்டத நீ எடுத்துக்கிட்டேன்னு வீட்டுல தெரிஞ்சா அவ சோறு திங்க மாட்டா, தம்பி. புள்ள ஒரு தும்மல் போட்டாலும் இதனாலதான்னு உக்காந்துருவா. நாயும் பொழைக்கணும், அவளும் நிம்மதியா இருக்கணும். எனக்கு ரெண்டும் வேணும்.”

“நாளைக்கோ மறுநாளோ திரும்ப வருவாங்கண்ணே.”

“தெரியும்.”

வழியில் சீனன் கடை ஒன்றில் வண்டி மாடுகளுக்காகத் தவிட்டு மூட்டைகளைத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் வாசனை குப்பென்று மூக்கில் ஏறியது. என் கை தானாக மூக்குக்குப் போனது. என் இடது மூக்கில் ஒரு சின்னத் தழும்பு உண்டு. குழந்தையில் குத்தியது. பள்ளிக்கூடத்தில் இதற்காக எத்தனையோ பேர் என்னைக் கேலி செய்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்காததால், நான் பிறந்ததும் என்னை ஒரு முறத்தில் போட்டுச் சாமி முன்னால் வைத்து, “இது உன் பிள்ளை” என்று விட்டுவிட்டு, பிறகு ஒரு உழக்குத் தவிட்டைக் கொடுத்து விலைக்கு வாங்கினார்களாம். மூக்குக் குத்தியதும் அதற்காகத்தான். எங்கள் ஆட்களில் இப்படித் தவிட்டுக்கு வாங்கிய பிள்ளைகள் நிறையப் பேர் உண்டு. சாமிக்குக் கொடுத்ததைச் சாமியிடமிருந்தே வாங்கலாம், சாமி கோபித்துக்கொள்வதில்லை. நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

“அண்ணே! நாய விலைக்கு வாங்கிட்டா?”

“யாருகிட்ட?”

“முனிகிட்ட. தவிட்டுக்கு.”

அண்ணன் என்னைப் பார்த்தார், தவிட்டு மூட்டையைப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று பல் தெரியச் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. “புள்ளைய வாங்குவாங்க. நாய எவளாவது வாங்குவாளா?” என்றார்.

“புள்ளையவே குடுக்குற சாமி, நாயக் குடுக்காதாக்கா? என்னையே பாருங்க. உழக்குத் தவிடு. கல்லு மாதிரி இல்லையா?”

எங்கள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. “உழக்குத்தான். இப்ப யோசிச்சா கொஞ்சம் அதிகமாக் குடுத்திட்டேன்னு தோணுது,” என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கறுப்பன் படுத்திருந்த வாசற்படியைப் பார்த்தார். “சரி. ஆனா நாமளா முடிவு பண்ணக்கூடாது. சாமிகிட்டப் பூக் கேக்கணும். பூ விழுந்தா வாங்குவோம். விழலேன்னா, சாமி விட்ட வழி. நீங்க அப்புறம் ஒரு பேச்சுப் பேசக்கூடாது தம்பி.”

வந்த ஞாயிற்றுக்கிழமை பூசாரிக்கு ஓய்வு. நல்ல வெயில். மரத்தடிக்குப் போனோம்: அண்ணன், அக்கா, இடுப்பில் குழந்தை, என் அம்மா, நான். நான் தவிட்டு முறத்தைச் சுமந்துகொண்டேன். கறுப்பன் தானாகவே எங்கள் பின்னால் வந்து நிழலில் படுத்தது. பாதையிலிருந்து ஒரு கல்லெறி தூரம்கூட இல்லாத இடம் அது. கோயில் என்று கட்டடம் எதுவும் கிடையாது. மரம், மஞ்சள் துணி சுற்றிய கல், மண்ணில் ஊன்றிய சூலம். பூசாரி வார நாட்களில் தண்டவாளத்துக்குச் சல்லி கொட்டுகிற கேங்கில் வேலை செய்கிறவர். நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டதும் காதைக் குடைந்தார்.

“நாய வாங்கவா? நான் இப்படி ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லியே!”

“கேட்டுப் பாருங்க. குடுத்தா வாங்கிக்கிறோம்,” என்றார் அக்கா.

சூடம் கொளுத்தி, கும்பிட்டு, ஒரு செம்பருத்திப் பூவைச் சூலத்தின் நடு முனையில், விழுந்தும் விழாமலும் நிற்கும்படி வைத்தார் பூசாரி. சம்மதம் என்றால் பூ விழவேண்டும். எல்லோரும் கைகூப்பி நின்றோம். பூ நின்றது. காற்று என்று ஒன்று இல்லவே இல்லை. அக்காவின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. குழந்தை, “பூ தூங்குதா?” என்று கேட்டது. சூடம் எரிந்து அணைந்தது. பூ அப்படியே இருந்தது. அக்காவின் முகம் வெளுத்துப்போனது. என் மனதில் கைவண்டியும் சாக்கும் வந்து நின்றன.

பூசாரி மூச்சு விட்டார். “உத்தரவு இல்லபோல இருக்கும்மா. எடுத்திரவா?”

“பொறுங்க,” என்றார் அண்ணன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவர் சூலத்தைப் பார்க்கவில்லை. கைகூப்பியபடியே, எங்கள் தலைகளுக்கு மேலாக யார்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். “சாமி காரியம். அவசரப்பட வேணாம். இன்னும் கொஞ்சம் நில்லுங்க.”

அவர் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். நீட்டிக்கொண்டிருந்த சிக்னல் கை கீழே இறங்கியது.

கிள்ளானிலிருந்து வருகிற கூட்ஸ் வண்டி. முதலில் அதன் அதிர்வு காலடியில்தான் தெரிந்தது. பிறகு மரத்தின் இலைகள், பிறகு சூலத்தில் கட்டியிருந்த சின்ன மணி. இஞ்சின் எங்களைக் கடந்தபோது பூ ஒரு பக்கம் சாய்ந்தது. அதன் பின்னால் வந்த பாரம் ஏற்றிய பெட்டிகள் ஒவ்வொன்றாக நிலத்தை உலுக்கின. எத்தனையாவது பெட்டியில் என்று தெரியாது, பூ கழன்று அக்காவின் காலடியில் விழுந்தது.

“முனியாண்டி!” என்று அக்கா கத்தியது வண்டிச் சத்தத்துக்கு மேலே கேட்டது.

கடைசிப் பெட்டியும் போனது. என் நாக்கு நுனிவரை ஒரு பேச்சு வந்தது. அண்ணன் என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். அக்கா தரையிலிருந்து பூவை எடுத்துக் குழந்தையின் தலையில் செருகிக்கொண்டிருந்தார். அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார். நான் தவிட்டு முறத்தைக் கீழே வைத்தேன். ரயிலை ஓட்டியது முனியா, இஞ்சின் டிரைவரா என்று வாசகசாலையில் வேண்டுமானால் விவாதம் வைத்துக்கொள்ளலாம்.

“தவிட்டுக்கு வித்தாச்சு,” என்றார் பூசாரி. “வாங்கினவங்க பாத்துக்குங்க. அப்புறம் சாமிகிட்ட வந்து நிக்கக்கூடாது.”

அன்று மத்தியானம், தங்கள் சாப்பாடு முடிந்ததும், அக்கா மூன்று தட்டுகளில் மீந்ததை எல்லாம் ஒன்றாக வழித்து, மீன் முள்ளோடு கறுப்பனுக்குக் கொட்டினார். அது மெல்லாமல் விழுங்கி, விழுங்கியதைக் கக்கி, கக்கியதை மறுபடி தின்றது. “சீ! இதுக்கா நான் இத்தனை நாள் பயந்தேன்?” என்றார் அக்கா. ஆனால் சட்டியைக் கழுவின தண்ணீரையும் கொண்டுவந்து ஊற்றினார். காதுப் புண்ணுக்கு வேப்பெண்ணெய் தடவ நான் போனபோது என்னைத் தள்ளிவிட்டு அவரே தடவினார். அவர் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நாய்க்கும் அது புதிது.

திங்கட்கிழமை அண்ணன் வேலைக்குப் போகும் வழியில் லைசென்ஸ் ஆப்பீசுக்குத் தனியாகவே போய்விட்டார். நான் வருகிறேன் என்றதற்கு, “உன் ஆப்பீசுல சம்பளம் சும்மாவா குடுக்குறான்?” என்று கேட்டார். பித்தளை வில்லை வந்தது. தோல்பட்டை வாங்கவில்லை. வண்டிக்குக் காட்டிக் கிழிந்துபோன பச்சைக் கொடியிலிருந்து ஒரு பட்டை கிழித்து, அதில் வில்லையைக் கோத்து அண்ணன் அதன் கழுத்தில் கட்டினார். அதற்குள் சந்துக் குழந்தைகள் எல்லாம் கூடிவிட்டன.

துப்பாக்கி ஆட்கள் அடுத்த முறை எங்கள் சந்துக்குள்ளேயே வந்தார்கள். அதுவும் காலைதான். தொப்பி போட்ட ஒரு துரை, தோளில் துப்பாக்கி. ஒரு மலாய்ப் போலீஸ்காரன். கைவண்டியோடு நம் ஆள் ஒருவன். கறுப்பன் நட்ட நடுச் சந்தில் நின்றது. புதிதாக வயிறு நிறையத் தின்ற திமிரில், ஓடி ஒளியவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அதற்கு. கொடித்துணி புரண்டு வில்லை அடிப்பக்கம் போய்விட்டிருந்தது. துரை நின்று துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கினார்.

நான் வேலியைத் தாண்டினேன். எனக்கு முன்னால் அண்ணன், இரவு ஷிப்டு முடிந்து வந்து அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்தவர், சோற்றுக் கையோடு சந்தில் இறங்கி நாய்க்கும் துப்பாக்கிக்கும் நடுவில் போய் நின்றார்.

“அஞ்சிங் சியாபா?” என்றான் போலீஸ்காரன், யாருடைய நாய் என்று.

அண்ணன் ஒரு கணம் வாசற்பக்கம் திரும்பினார். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

“சாயா புன்யா,” என்றார் அண்ணன், என்னுடையது என்று. போதாது என்று நினைத்தாரோ என்னவோ, கைவண்டிக்காரனையும் பார்த்து, சந்து முழுவதும் கேட்கும்படி, “என் நாய்ங்க! நான் விலை குடுத்து வாங்கினது!” என்றார்.

போலீஸ்காரன் பிரம்பு முனையால் கொடித்துணியைத் திருப்பினான். வில்லை தெரிந்தது. துரையிடம் தலையை ஆட்டினான். துப்பாக்கி மறுபடியும் தோளுக்குப் போனது. கைவண்டி கடகடவென்று அடுத்த சந்துக்கு உருண்டது.

அக்காவுக்கு அப்போதுதான் குரல் வந்தது. “அங்க என்ன பார்வை? கூட்டியாந்து கட்டுங்க அத! தெருவுல நின்னா அவன் மறுபடி வருவான். உங்களுக்கு ஒரு பொறுப்பு இருக்கா?”

“கயிறு எங்க?” என்றார் அண்ணன்.

அந்த வீட்டில் கயிறு இல்லை. அவர்கள் எதையும் கட்டி வளர்த்ததில்லை. கடைசியில் அண்ணன் கொடிக்கயிற்றை அவிழ்த்தார். காய்ந்துகொண்டிருந்த துணி மண்ணில் விழுந்தது என்று அக்கா சத்தம் போட்டார். சத்தம் போட்டுக்கொண்டே கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார். அன்று அவர்கள் வீட்டுத் துணியெல்லாம் எங்கள் வேலியில் காய்ந்தது.